பைக்கின் இழுவையைக் கூட்டுவது: எந்த வேலை முதலில், எது கடைசியில், எது வேண்டவே வேண்டாம்

மதுரை பழங்காநத்தத்தில் நண்பர் ஒருவரின் பட்டறையில் மாலை நேரங்களில் நானும் ஸ்பேனர் பிடிக்கிறேன். "பவர் ஏற்ற வேண்டும்" என்று வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்பார். அவர் கையில் ஏதோ ஒரு பொருள் ஏற்கனவே இருக்கும்: கூம்பு ஃபில்டர், இரிடியம் பிளக், ஊரைக் கூட்டும் சைலன்சர். பொருளை வாங்கிவிட்டு அதற்கு வேலை தேடுகிற இந்த வழக்கத்தால் கெட்ட இன்ஜின்களைத்தான் நாங்கள் அதிகம் திறந்திருக்கிறோம்.

இந்த வழிகாட்டி 100 முதல் 350 சி.சி. வரையிலான, ஒற்றை சிலிண்டர் கொண்ட, காற்றில் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளுக்கானது. தினமும் வேலைக்கு ஓட்ட வேண்டிய, வழியில் நின்றுவிடக் கூடாத வண்டிகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. குறை என்ன என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

"பவர் போதவில்லை" என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு குறைகளைச் சொல்கிறார்கள். கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி மந்தமாகக் கிளம்புகிறது என்பது ஒன்று. மனைவியை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறினால் மூன்றாம் கியரில் இழுக்கவில்லை என்பது இன்னொன்று. நான்குவழிச் சாலையில் 90-ஐத் தாண்ட மறுக்கிறது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதல் இரண்டும் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் திருகு விசை பற்றியவை. இவற்றைக் குறைந்த செலவில் தீர்க்கலாம். மூன்றாவதுதான் பணத்தை விழுங்கும். காற்றைப் பிளந்து போகத் தேவைப்படும் பவர், வேகத்தைப் போல அதே அளவில் கூடுவதில்லை. வேகத்தின் கனத்தில் (வேகம் × வேகம் × வேகம்) கூடுகிறது. 80-இல் போகிற வண்டி 90-இல் போக வேண்டுமானால் காற்றுக்காக மட்டும் சுமார் 42 சதவீதம் அதிக பவர் வேண்டும். 14 குதிரைத்திறன் உள்ள 150 சி.சி. இன்ஜினில் அந்த அளவை நம்பகமாகக் கூட்டுகிற ஒரு பொருளை நான் இதுவரை பார்த்ததில்லை. உங்கள் வரியில் எழுதியது உச்ச வேகம் என்றால், இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான்காம் படி வரை செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவல் முதலில் வேண்டும். வண்டியோடு வரும் சிறிய புத்தகம் போதாது. டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் கைக்கும் நடுவே உள்ளது), கம்ப்ரஷன் அழுத்தம் (பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு), போல்ட்டுகளை முறுக்கும் அளவு எல்லாம் அதில்தான் இருக்கும். "எல்லா வண்டிக்கும் ஒரே அளவுதான்" என்று சொல்லும் கடையிலிருந்து மெதுவாக வெளியே வந்துவிடுங்கள்.

ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), டயர் அழுத்தமானி, கம்ப்ரஷன் கேஜ், டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் முறுக்கும் ஸ்பேனர்) ஆகியவை கருவிகள். கடைசி இரண்டையும் வாங்க வேண்டியதில்லை. வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப் போனால் போதும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) போல்ட்டை முறுக்குகிறவரிடம் இன்ஜினைத் திறக்கக் கொடுக்காதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த மாற்றம், கிடைத்த பலன் என்று எழுதி வாருங்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து கார்புரேட்டரில் எந்த ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) போட்டோம் என்று மறந்துவிட்டுத் திரும்ப வரும்போது சிரிப்பதில்லை.

3. ஆர்.சி. புத்தகத்தையும் இன்சூரன்சையும் பாருங்கள்

இந்தப் படியை இவ்வளவு முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. சந்தையில் கிடைக்கும் பொருள்களில் பாதி, சாலையில் ஓடும் வண்டிக்கு ஆகாதவை. அவற்றை இங்கேயே கழித்துவிட்டால் பணம் மிஞ்சும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அந்தச் சான்றிதழில் இன்ஜினின் கன அளவும் இருக்கிறது. ஆகவே பெரிய பிஸ்டன் போட்டுச் சி.சி.யைக் கூட்டும் போர் கிட் சாலைக்கு ஆகாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சத்தத்துக்கும் புகைக்கும் 190ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, கூடவே மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பு. பி.எஸ். 6 என்ற புகை விதிப்படி வந்த வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பெரும்பாலும் சைலன்சருக்கு முன்னால் உள்ள வளைகுழாயிலேயே இருக்கிறது. வளைகுழாயோடு முழு சைலன்சரையும் மாற்றினால் அதுவும் போய்விடும்.

வாரண்டி மிச்சமிருக்கும் வண்டியில் நான்காம் படியைத் தாண்டவே வேண்டாம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் விபத்து நேரத்தில் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகிவிடும்.

4. தொலைந்துபோன பவரைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். 30,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி புதிதில் தந்த பவரை இன்று தருவதில்லை. கூட்டுவதற்கு முன் விட்டதைப் பிடிக்க வேண்டும்.

தேடலைச் சக்கரத்திலிருந்து தொடங்கி இன்ஜினை நோக்கிப் போங்கள். எல்லோரும் நேர்மாறாகச் செய்கிறார்கள். சக்கரத்துப் பக்கக் கோளாறுகளைக் காசில்லாமல் சரிசெய்யலாம். அவற்றை விட்டுவிட்டு இன்ஜினைச் சோதித்தால் நல்ல இன்ஜினையும் சந்தேகப்பட வேண்டி வரும்.

டயர்: காலையில், வண்டியை ஓட்டும் முன், காற்றழுத்தத்தைப் பாருங்கள். சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும்.

பிரேக்: நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சில சுற்றாவது தானாகச் சுழல வேண்டும். உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி போர் கிட் போட வேண்டும் என்று பணத்தோடு வந்தார். அவருடைய வண்டியின் பின் சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. பிரேக் ஷூ உரசிக்கொண்டே இருந்தது, டயரில் 18 பவுண்டுதான் காற்று, செயின் வறண்டு துருவேறியிருந்தது. ஒரு மணி நேர வேலை. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணே, என்ன பொருள் போட்டீர்கள்?" என்று கேட்டார். கிரீஸ் போட்டேன் என்றேன். நம்பவில்லை.

செயின்: மேனுவலில் உள்ள தளர்வை வைத்து, மண்ணைக் கழுவி, செயினுக்கான எண்ணெய் இடுங்கள். கள்ளிக்குடி, திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் மழைக்காலத்தில் செயினில் பசைபோல ஒட்டி, காய்ந்ததும் அரம்போல அறுக்கும். அதன் மேலேயே எண்ணெய் ஊற்றுவது வீண்.

கிளட்ச்: லீவரில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேட்டுகள் எப்போதும் பாதி விலகியே இருக்கும். சோதனை எளிது. மேல் கியரில் 40-இல் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திருகுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இந்த நிலையில் இன்ஜினுக்குப் பவர் கூட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

ஏர் ஃபில்டர்: மேலூர்ப் பக்கம் கிரானைட் தூசியில் ஓடும் வண்டிக்கு மேனுவலில் எழுதியிருக்கும் கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்ற வேண்டியிருக்கும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. கம்ப்ரஸர் காற்றால் பலமாக ஊதினால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். புதிதாக வாங்குங்கள், பைக் பாகங்களில் இதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை.

பிளக்: வெளிர் பழுப்பு நிறம் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்; வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்ஜின் சூடாகிறது. இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும். நல்ல நிலையில் உள்ள சாதாரண பிளக்கை எடுத்துவிட்டு அதைப் போட்டால் பவர் கூடாது.

டேப்பெட்: இன்ஜின் ஆறிய பிறகு, மேனுவலில் உள்ள அளவுக்கு ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்ய வேண்டும். சிறிய பைக்குகளில் இது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்ற அளவு. காதால் வைக்க முடியாது. ஆனால் நம் ஊரில் காதால்தான் வைக்கிறார்கள். வாடிக்கையாளர் "டிக்டிக் சத்தம் வருகிறது" என்று முறையிட, மெக்கானிக் சத்தம் அடங்கும் வரை இறுக்கிவிடுகிறார். இறுகிய வால்வு முழுதாக மூடுவதில்லை. மூடியிருக்கும் நேரத்தில்தான் அது தன் சூட்டை ஹெட்டுக்குக் கொடுத்து ஆறுகிறது. மூடாவிட்டால் ஓரம் கருகும். லேசான சத்தம் நோயில்லை. சத்தமே இல்லாத டேப்பெட்டைத்தான் நான் முதலில் திறந்து பார்ப்பேன்.

கம்ப்ரஷன்: எல்லாம் சரியான பிறகு கடைசியாக இதை அளக்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து பிடிக்க வேண்டும். திறக்காமல் அளந்தால் காற்று உள்ளே போகாது, நல்ல இன்ஜினும் மோசமாகக் காட்டும். அளவு குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வு. தேய்ந்த இன்ஜினுக்கு முதலில் பழுது நீக்கம். மேம்பாடு பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

5. மாற்றும் முன் அளந்து வையுங்கள்

புது சைலன்சர் போட்ட மறுநாள் எல்லோருக்கும் வண்டி பறக்கிறது. சத்தம் கூடினால் வேகம் கூடியதாக மூளை நம்பிவிடும். அதனால் அளவு வேண்டும்.

சக்கரத்தை உருளையில் ஏற்றிப் பவரை அளக்கும் டைனோ கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேகமானி போதும். போக்குவரத்து இல்லாத நேர்ச்சாலையில், குறிப்பிட்ட ஒரே கியரில், 30-லிருந்து 70 கி.மீ. வேகத்தை எட்ட எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். கைப்பேசியை ஹேண்டிலில் பொருத்திப் பதிவுசெய்துவிட்டு வீட்டில் வந்து எண்ணுங்கள்; ஓட்டும்போது திரையைப் பார்க்க வேண்டாம். போகும் திசையில் மூன்று முறை, திரும்பும் திசையில் மூன்று முறை. காற்றும் ஏற்றமும் அதில் கழிந்துவிடும்.

ஒரே ஆள், ஏறத்தாழ அதே அளவு பெட்ரோல், அதே நேரம். நேரத்தை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், 40 டிகிரி சித்திரை வெயிலின் காற்று, 20 டிகிரி மார்கழிக் காலைக் காற்றைவிடச் சுமார் 6 சதவீதம் அடர்த்தி குறைந்தது. இன்ஜினுக்குள் போகும் ஆக்ஸிஜனும் அவ்வளவு குறையும். மதியம் ஒரு முறை அளந்து, ஃபில்டரை மாற்றி, மறுநாள் விடிகாலையில் அளந்துவிட்டு "ஐந்து சதவீதம் கூடியது" என்று ஒருவர் குதித்தார். கூட்டியது ஃபில்டரல்ல, விடியற்காலை. கொடைக்கானலில் அளப்பதும் வேண்டாம். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். எந்த வண்டியும் அங்கே சோர்ந்துதான் ஏறும்.

6. பிரேக்கும் டயரும்

வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80-இல் நிறுத்துவதைவிட 100-இல் நிறுத்த 56 சதவீதம் அதிக வேலையைப் பிரேக் செய்ய வேண்டும். பிரேக் பேட், ஷூ, திரவம், டயர் ஆகியவற்றைப் பவருக்கு முன்பே புதுப்பியுங்கள். பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர் யாரும் பிறகு பணம் மிச்சம் வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

7. ஸ்ப்ராக்கெட்: இன்ஜினைத் தொடாத முதல் மேம்பாடு

ஸ்ப்ராக்கெட் என்பது செயின் ஓடும் பல்சக்கரம்; முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நகர நெரிசலுக்கும் மலையேற்றத்துக்கும் எனக்குத் தெரிந்து இதை மாற்றுவதுதான் ஆகச் சிறந்த மாற்றம். இன்ஜினின் பவர் ஒரு துளியும் கூடாது. ஆனால் அது தரும் விசை சக்கரத்தில் பெருகும். ஆர்.சி. விவரம் எதுவும் மாறாது. பிடிக்காவிட்டால் பழையதை மாட்டிவிடலாம்.

கணக்கைப் பாருங்கள். முன்னால் 15 பல், பின்னால் 45 பல் என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 3. முன்னால் ஒரு பல் குறைத்து 14 போட்டால் விகிதம் 3.21. சக்கரத்தில் இழுவை 7 சதவீதம் கூடும். பின்னால் இரண்டு பல் கூட்டி 47 போட்டால் 3.13, அதாவது 4 சதவீதத்துக்குச் சற்று மேல். 7 சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியருக்குத் திரும்பத் திரும்ப இறங்கிக்கொண்டிருந்த வண்டி, மூன்றிலேயே ஏறிவிடும்.

இதற்கு விலையும் உண்டு. அதே வேகத்தில் இன்ஜின் 7 சதவீதம் அதிகமாகச் சுழலும். 60-இல் 5,000 சுற்று ஓடியது இப்போது ஏறக்குறைய 5,350 ஓடும். தினமும் மதுரையிலிருந்து விருதுநகர் வரை நான்குவழிச் சாலையில் போய்வருபவருக்கு இது தலைவலி. அதிர்வும் பெட்ரோல் செலவும் கூடும். மாட்டுத்தாவணிக்கும் பெரியார் நிலையத்துக்கும் இடையே உழல்பவருக்கு வரம்.

மூன்று எச்சரிக்கைகள். முன்னால் ஒரு பல்லுக்கு மேல் குறைக்க வேண்டாம். செயின் கூடுதலாக வளைந்து சீக்கிரம் தேயும். பழைய செயினோடு புதுப் பல்லைச் சேர்க்காதீர்கள். செயினையும் இரு பல்சக்கரங்களையும் ஒன்றாக மாற்றுங்கள். வேகமானி முன் சக்கரத்திலிருந்து அளவெடுத்தால் கவலையில்லை. கியர்பாக்ஸிலிருந்து எடுத்தால் உண்மையைவிட அதிக வேகம் காட்டும்.

மாற்றிய பின் ஐந்தாம் படிச் சோதனையை மறுபடி செய்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரம் ஓட்டுங்கள். பலருக்கு ஆசை இங்கேயே அடங்கிவிடுகிறது.

8. காற்றும் பெட்ரோலும் சைலன்சரும் ஒரே வேலை

இன்னும் வேண்டும் என்பவர்களுக்கு அடுத்த படி. இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள், மூன்றையும் தனித்தனிப் பொருளாக நினைப்பதால். உள்ளே அதிகக் காற்று வந்தால் அதற்கேற்ற பெட்ரோல் வர வேண்டும். எரிந்த புகை வெளியேற வழி வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற இரண்டும் கழுத்தைப் பிடிக்கும்.

ஃபில்டர்: கம்பெனி ஏர் பாக்ஸை அப்படியே வைத்து, அதற்குள் பொருந்தும் தரமான ஃபில்டரை மட்டும் மாற்றுங்கள். பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் போட்டால் அது இன்ஜின் அருகிலுள்ள சூடான காற்றையும் சாலைத் தூசியையும் சேர்த்தே இழுக்கும். அந்தப் பெட்டியின் அளவும் குழாயின் நீளமும் நடுத்தரச் சுற்றில் இழுவை வருவதற்காகக் கணக்கிட்டு வைத்தவை. கூம்பு போட்ட வண்டிகளில் பல, நகர வேகத்தில் முன்பைவிட மந்தமாகத்தான் ஓடுகின்றன.

கார்புரேட்டர் வண்டி: இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். தூய பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். பழைய ஜெட்டோடு ஓடும் கார்புரேட்டர் அதனால் ஏற்கனவே சற்று வறட்சியாகத்தான் கலக்கிறது. அதன்மேல் காற்றைக் கூட்டினால் பிளக் வெளுத்து, பிஸ்டன் கொதிக்கும். மெயின் ஜெட்டை ஒரு படி மட்டும் கூட்டி, ஓட்டி, பிளக் பார்த்து, தேவைப்பட்டால் அடுத்த படி. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்துக் கெடுக்கும். பழைய வண்டியில் பெட்ரோல் குழாய்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி: நிதானமாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் புகையை முகர்ந்து பெட்ரோலைத் தானே சரிசெய்துகொள்கிறது. முழுதாகத் திருகும்போது அந்தச் சென்சாரைப் பெரும்பாலும் கேட்பதில்லை. நினைவிலுள்ள அட்டவணைப்படி பெட்ரோல் விடுகிறது. நீங்கள் கூட்டிய காற்று அட்டவணைக்குத் தெரியாது. வண்டி ஊருக்குள் நன்றாக ஓடி, நெடுஞ்சாலையில் சூடேறுவதற்கு இதுதான் காரணம். இதற்கென்றே உள்ள எரிபொருள் கட்டுப்பாட்டுப் பெட்டியை உங்கள் மாடலுக்கே உரிய அமைப்போடு போடுங்கள். சென்சாரின் ஒயரில் மாட்டி அதை ஏமாற்றும் மலிவான டப்பா வேண்டாம். சென்சாரைக் கேட்கும் நிதான ஓட்டத்தில்தான் அது பெட்ரோலைக் கூட்டும், முழுதாகத் திருகும்போது உதவாது; பணம் புகையாகப் போவதைப் பிளக்கின் கரியில் பார்க்கலாம்.

சைலன்சர்: வளைகுழாயைத் தொடாமல் கடைசிப் பகுதியை மட்டும், சத்த வரம்புக்குள் மாற்றுவதுதான் சாலைக்கு உகந்தது. 80-க்கு மேல் 175 சி.சி. வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல் என்பது வண்டி தயாரிக்கும்போது பொருந்தும் வரம்பு. சிறிய ஒற்றை சிலிண்டரில் இதனால் கூடும் பவர், நான் அளந்தவரை, சோதனைக்குச் சோதனை வரும் வித்தியாசத்துக்குள் அடங்கிவிட்டது. எடை குறைகிறது, அழகாக இருக்கிறது என்று வாங்குங்கள். குறை சொல்ல மாட்டேன். பவருக்கு என்றால் கடைசியில் வாங்குங்கள்.

9. சூட்டுக்கு வழி செய்யுங்கள்

கூட்டிய ஒவ்வொரு துளி பவரும் கூடவே சூட்டைக் கொண்டுவரும். காற்றில் குளிரும் இன்ஜினுக்கு ஓடும்போதுதான் காற்று. சித்திரைத் திருவிழா நேரத்தில் கீழவாசல் பக்கம் முதல் கியரில் அரை மணி நேரம் ஊர்ந்து பாருங்கள். உங்கள் மேம்பாட்டின் உண்மையான தேர்வு அதுதான்.

மேனுவல் சொல்லும் தடிமனில், ஜாசோ எம்.ஏ.2 (JASO MA2) என்ற பைக் ஆயில் தரக் குறியீடு உள்ள ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் இருக்கலாம். பைக்கின் கிளட்ச் அதே ஆயிலில் மூழ்கிக் கிடப்பதால் வழுக்கத் தொடங்கும். இந்த இன்ஜின்கள் பலவற்றில் மொத்த ஆயிலே ஒரு லிட்டர் அளவுதான். 200 மில்லி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. வாரம் ஒரு முறை அளவு பாருங்கள். சிலிண்டரின் இதழ்களுக்கு இடையே அப்பிய சேற்றை, இன்ஜின் ஆறிய பின், மென்மையான தூரிகையால் எடுங்கள்.

மேல் கியரில், குறைந்த வேகத்தில், ஏற்றத்தில் சோளம் பொரிவதுபோல் சத்தம் கேட்டால் அது நாக்கிங். கலவை நேரம் தப்பி வெடித்துப் பிஸ்டனைத் தாக்குகிறது. உடனே கியரைக் குறையுங்கள். பிறகு கடைசியாகச் செய்த மாற்றத்தைத் திரும்ப எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இந்த நாளுக்காகத்தான். நான்கை ஒன்றாகப் போட்டவருக்கு எதை எடுப்பது என்று தெரியாது. 95, 100 ஆக்டேன் பெட்ரோல் இந்தச் சத்தத்தைத் தடுக்க உதவும். சத்தமே இல்லாத கம்பெனி இன்ஜினில் அது பவர் தராது.

10. இன்ஜினைத் திறக்கும் மாற்றங்கள்

போர் கிட், அதிகக் கம்ப்ரஷன் பிஸ்டன், வேறு கேம். சாலை வண்டிக்கு மூன்றையும் நான் பரிந்துரைப்பதில்லை. ஆனாலும் கேட்பார்கள், அதனால் காரணத்தைச் சொல்கிறேன்.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம், பவரைக் கூட்டுவதைவிட இடம் மாற்றுகிறது: கீழ்ச் சுற்றிலிருந்து எடுத்து மேல்ச் சுற்றில் வைக்கும். பந்தயத்தளத்துக்குச் சரி, சிக்னலில் கிளம்ப முடியாது. கம்ப்ரஷன் கூட்டினால், சாதாரண பெட்ரோலில் நாக்கிங் நெருங்கி வரும். போர் கிட் சட்டப்படி ஆகாது என்பதை மூன்றாம் படியில் பார்த்தோம். பொறியியல்படியும், கூடிய வெடிப்பு விசையைக் கிராங்க், பேரிங், கிளட்ச், கியர் பற்கள் எல்லாம் பழைய அளவிலேயே தாங்க வேண்டும்.

நானே இதில் சூடுபட்டவன். முன்பு என் பழைய 350-இல் பெரிய போர் கிட் போட்டேன். சட்டம் தெரியாது, விசாரிக்கவும் இல்லை. கிட்டில் வந்தது ஃபோர்ஜ் செய்த, அதாவது அடித்து உருவாக்கிய, பிஸ்டன். அது சூட்டில் வார்ப்பு பிஸ்டனைவிட அதிகம் விரியும். சிலிண்டரில் கூடுதல் இடைவெளி வேண்டும். சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கிய (போர் செய்த) பட்டறை வழக்கமான இடைவெளியையே வைத்திருந்தது. ஊருக்குள் குறையில்லாமல் ஓடியது. வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது, டம்டம் பாறைக்குச் சற்று முன்னால், பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. எதிரே பஸ் வராததால் இதை எழுதுகிறேன். பைக் மினி லாரியில் மதுரைக்கு வந்தது.

150-ஐ 220 ஆக்க ஆசைப்படுபவர் ஒரு காகிதத்தில் கிட், லேத் கூலி, கிளட்ச், கட்டுப்பாட்டுப் பெட்டி, பிரேக் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டட்டும். அதோடு பழைய வண்டியை விற்று வரும் பணத்தையும் சேர்த்துப் பார்த்தால், பெரிய பைக்கே கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கும்.

தேய்ந்ததால் இன்ஜினைத் திறப்பது வேறு. தயாரிப்பாளர் அனுமதிக்கும் 0.25 அல்லது 0.50 மி.மீ. மிகை அளவுப் பிஸ்டன் போட்டுச் சிலிண்டரைப் போர் செய்வது பழுது நீக்கம்தான். லேத் பட்டறையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பிஸ்டனை நேரில் அளந்து போர் செய்கிறீர்களா, இடைவெளி எத்தனை வைப்பீர்கள், முடித்தபின் குறுக்குக் கோடு விழும்படி ஹோனிங் (சிலிண்டரின் உட்சுவரைக் கல்லால் தேய்ப்பது) உண்டா? பிஸ்டனைக் கொண்டுவராமலே "சிலிண்டரை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

11. வேலை முடிந்த பிறகு

இன்ஜினைத் திறந்திருந்தால் முதல் 500 கிலோமீட்டரும் ரிங் சிலிண்டரோடு படியும் காலம். ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், முழுதாகத் திருகாதீர்கள், மேல் கியரில் திணறவும் விடாதீர்கள். 300-ஐ ஒட்டி ஆயிலை மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மின்னும் பொடி சிறிது இருப்பது இயல்பு, கண்ணுக்குத் தெரியும் துண்டு இருந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள்.

திறக்காமல், ஃபில்டர் அல்லது ஜெட் மட்டும் மாற்றியிருந்தால் 200 கிலோமீட்டரில் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். 1,000 கிலோமீட்டரில் டேப்பெட், செயின் தளர்வு, கிளட்ச் லீவர், சைலன்சர் போல்ட்டுகள், ஆயில் அளவு ஆகியவற்றை மீண்டும் சோதித்து நோட்டில் எழுதுங்கள். கழற்றிய கம்பெனிப் பாகங்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் சாக்கில் கட்டிப் பரணில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் அவற்றைத்தான் கேட்பார்.